மியூசிக்கல் தியேட்டர் கிரேடு 6, இருவர் தேர்வு: மற்றப் பிள்ளை பாடேக்க என்ர பிள்ளை என்ன செய்யிறது?

வடலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனிலை இருந்து எழுதுறன். மகளுக்கு 15 வயசு. எட்டு வருசமா கர்நாடக சங்கீதம் படிக்கிறா. மியூசிக்கல் தியேட்டர், பாட்டும் நடிப்பும் சேர்ந்தது, போன வருசந்தான் தொடங்கினது. இப்ப அவவும் வகுப்புச் சிநேகிதியும் சேர்ந்து லாம்டா எண்ட நாடகத் தேர்விலை கிரேடு 6 டூயோ (இருவர் தேர்வு) எடுக்கினம். இன்னும் ஏழு கிழமை இருக்கு.

ஒரு காட்சி பரவாயில்லை. மற்றதுதான் தலையிடி. 'அன்னி கெட் யுவர் கன்' எண்ட அமெரிக்கப் பாட்டு நாடகத்திலை, துப்பாக்கிப் போட்டிக்குக் கொஞ்சம் முதல் குறி பாத்துச் சுடுற அன்னியும் ஃப்ராங்கும் சண்டை பிடிச்சுக்கொண்டு பாடுற பாட்டு. நீ செய்யிற எதையும் நான் உன்னைவிட நல்லாச் செய்வன் எண்டு மாறி மாறிப் பாடுறது. மகள் அன்னி, சிநேகிதி ஃப்ராங்க். முதல் ஒரு காதல் பாட்டுத்தான் தெரிவு செய்தவை, வேண்டாமெண்டு சொன்னது நான்தான். சிரிக்காதேங்கோ.

நேற்று ஹோலிலை பாடிக் காட்டிச்சினம். தனித்தனியாப் பாடினால் ரெண்டு பேரும் திறம். சேர்ந்தால் உயிரில்லை. சிநேகிதி பாடேக்க மகள் தொடையிலை விரலாலை தாளம் போடுறா. ஆதி தாளம், என்ர ரெண்டு கண்ணாலையும் கண்டன். சொண்டும் மெல்ல அசையுது. பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற ஆள் மாதிரித் தன்ர முறைக்கு நிக்கிறா. டீச்சர் "கேள், கேள்" எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறாவாம். பிள்ளை வந்து என்னட்டைக் கேக்குது: "அம்மா, எனக்கு நல்லாத்தானே கேக்குது, காது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" எனக்கும் மறுமொழி தெரியேல்லை.

இன்னுமொண்டு. பியானோவுக்கு ஆள் பிடிக்கிறதோ, பக்கிங் ட்ராக் (பதிஞ்சு வைச்ச பின்னணி இசை) போதுமோ? காசு ஒரு விசயம்தான், மறைக்கேல்லை.

---

கருப்புக்கட்டை எழுதியது:

அக்கா, நான் பர்மிங்ஹாம்ல தேர்வுகளுக்கு பியானோ வாசிக்கிறவன். அதனால ட்ராக் வேணாம்னுதான் சொல்வேன், என் பொழப்பு அது. ஆனா காரணத்தோட சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இந்த மாதிரி காட்சில பேச்சுல இருந்து பாட்டுக்குள்ள போற இடம்தான் உயிர்நாடி. நோட்ஸைப் பாத்தா அங்க ரிப்பீட் போட்டு 'வாம்ப்'னு எழுதியிருக்கும் பல பாட்டுல. நடிகர் வசனத்தை முடிக்கிற வரைக்கும் பியானோக்காரன் அந்த ரெண்டு பாரையே (நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி) சுத்திக்கிட்டு இருக்கணும்னு அர்த்தம். பொண்ணு சிரிச்சுட்டு நிறுத்துனா நான் இன்னொரு சுத்து சுத்துவேன். ட்ராக் சுத்தாது. அதுல எத்தனை தடவைன்னு யாரோ ஒருத்தர் ஸ்டூடியோல உக்காந்து முடிவு பண்ணிட்டார்.

கணக்கு போட்டுப் பாருங்க. எட்டு பார், நாலு அடி தாளம், வேகம் நிமிஷத்துக்கு 120 அடின்னா மொத்தம் 32 அடி, சரியா 16 விநாடி. வீட்ல பேசிப் பாத்தப்ப அந்த வசனம் 16 விநாடி வந்திருக்கும். தேர்வு அறைல பயத்துல 11 விநாடில முடிச்சிருவாங்க. மிச்சம் அஞ்சு விநாடி ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிக்கணும். அந்த அஞ்சு விநாடிக்கு ஒரு வேலையை இப்பவே குடுத்து வைங்க. துப்பாக்கியத் துடைக்கலாம், முதுகைத் திருப்பிக்கலாம், எதுவோ ஒண்ணு. ட்ராக்லதான் போறீங்கன்னா இதுதான் உங்களுக்கு உள்ள ஒரே காப்பீடு.

ட்ராக்ல குரல் இருக்கக் கூடாது, மெலடிய தூக்கி வாசிக்கிற மாதிரி வாத்தியமும் இல்லாம இருந்தா நல்லது. யூடியூப்ல கரோக்கின்னு கிடைக்கிறதுல பாதி வேற சுருதில இருக்கும். போன நவம்பர்ல ஒரு பையன் கொண்டு வந்த ட்ராக் அவன் பழகினதைவிட அரைக் கட்டை மேல. யாரும் கவனிக்கல, பாடற வரைக்கும்.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

இதுக்கு யூகாஸ் பாயிண்ட் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எண்ணும் புள்ளி) கிடைக்குமா? என் மனைவி எங்கள் பையனையும் சேர்க்கச் சொல்கிறாள். அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம் என்று பார்க்கிறேன்.

---

நெய்தல் எழுதியது:

கணக்கப்பிள்ளை அவர்களுக்கு முதலில், சுருக்கமாக: 6, 7, 8 மூன்று கிரேடுக்கும் உண்டு. லாம்டாவில் எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷன் (மிக உயர்ந்த தேர்ச்சி) வாங்கினால் 30 பாயிண்ட். பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் ஒரு பாடத்தில் சி வாங்கினாலே 32. பல பல்கலைக்கழகங்கள் பாயிண்டைப் பார்க்காமல் கிரேடைத்தான் கேட்கின்றன. பாயிண்டுக்காகச் சேர்க்காதீர்கள். பையனுக்குப் பிடித்திருந்தால் சேருங்கள்.

வடலி, நான் நாடகமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன், லெஸ்டரில். "கேள்" என்று சொல்லும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி, அதனால் குற்றவுணர்ச்சியோடு எழுதுகிறேன். அது ஒரு பயனற்ற கட்டளை. ஒரு குழந்தையிடம் கேள் என்றால் அது கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும். புருவம் உயரும், தலை ஆடும். தேர்வாளர்கள் அந்த முகத்தை ஒரு நாளில் முப்பது தடவை பார்க்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். இந்தப் பாட்டில் அது அழகாக இருக்கிறது. உயரமாகப் பாடுவது, சத்தத்தைக் குறைத்து மெதுவாகப் பாடுவது, நீட்டிப் பிடிப்பது, வேகமாகச் சொல்வது, இனிமையாகப் பாடுவது என்று ஒவ்வொரு சுற்றிலும் போட்டி மாறுகிறது. அன்னிக்கு அடுத்த சுற்று என்னவென்று தெரியாது. மகளுக்குத் தெரியும். கோளாறு அங்கேதான். ஃப்ராங்க் பாடும் வரியில் தன்னைக் குத்துகிற ஒரு சொல்லை அவள் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மூச்சு எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுக்கவே கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் எதிராளி வரியை முடிக்கும் முன்பே மூச்சை இழுத்து நிரப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தோள் ஏறியிருக்கும், வயிறு இறுகியிருக்கும். பலூன் மாதிரி. அந்த நிலையில் ஒன்றும் உள்ளே போகாது.

என் வகுப்பில் செய்யும் மூன்று பயிற்சிகள். பாட்டை முழுக்க வசனமாக, இசை இல்லாமல் பேசச் சொல்லுங்கள், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே. அடுத்து, பதில் சொல்லும் முன் எதிராளியின் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்லிவிட்டுத் தன் வரிக்குப் போகச் சொல்லுங்கள். அதையும் வெறுமனே இல்லாமல் நக்கலாக, அதிர்ச்சியாக, புரியாமல் என்று மாற்றி மாற்றி. கடைசியாக, ஃப்ராங்க் பாடும் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் சுற்றுகளின் வரிசையை மாற்றட்டும். உங்கள் மகள் தடுமாறினால் அவள் இதுவரை கேட்கவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கர்நாடகப் பயிற்சி பற்றி: அது பாரமில்லை, ஆனால் மூன்று பழக்கம் கூடவே வரும். தாளக் கை ஒன்று. நீண்ட ஸ்வரத்தில் தானாக வந்து உட்காரும் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, இன்னொன்று. இந்தப் பாட்டில் நீட்டிப் பிடிக்கும் போட்டி இருக்கிறதே, அங்கே சுரம் நேர்கோடாக நிற்க வேண்டும், லேசாக அசைந்தாலும் வேறு ஊர் வாசனை வந்துவிடும். மூன்றாவது, மெய்யெழுத்துகளை விழுங்குவது. நாம் 'ஆ' என்று இழுத்துப் பாடும் அகாரத்தில் வளர்ந்தவர்கள். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி 'ட்', 'ட்ஸ்' எல்லாம் கேட்காவிட்டால் நகைச்சுவையே செத்துப்போகும்.

தாளக் கைக்கு வைத்தியம்: கையில் ஒரு தொப்பியைக் கொடுங்கள்.

---

அரைமணித்தூக்கம் எழுதியது:

தொப்பி நல்ல ஐடியா. எனக்கு என் டீச்சர் ஒரு காபி கப் குடுத்தாங்க, அதுலயும் தட்டினேன்.

எட்டாம் கிரேடு டூயோ பண்ணினவன் நான், அதான் இந்தப் பக்கம் வந்தேன். ட்ராக்ல போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, என் சொந்த வயித்தெரிச்சல்ல இருந்து.

எங்க ட்ராக் என் ஃபோன்ல இருந்துச்சு. ப்ளூடூத் ஸ்பீக்கர். ஏரோப்ளேன் மோட் போட்டா ப்ளூடூத் போயிரும்னு நெனச்சு (போகாது, மறுபடி ஆன் பண்ணிக்கலாம், இப்ப தெரியும்) அப்படியே விட்டுட்டேன். ரெண்டாவது பாட்டுல, ஒரு சோகமான இடம், என் பார்ட்னர் கண்ணுல தண்ணி வரப்போற நேரம், கனடால இருந்து எங்க பெரியம்மா வாட்ஸாப்ல கூப்பிட்டாங்க. பாட்டு நின்னுச்சு. ஸ்பீக்கர் முழுக்க ரிங்டோன். உதவிக்கு உள்ள இருந்தவர் ஓடிப்போய் கட் பண்ணினார். பெரியம்மா மறுபடி கூப்பிட்டாங்க. கட் பண்ணினா வேற யார் கூப்பிடுவாங்க.

நான் பார்ட்னரைப் பார்த்தேன். அவ நிறுத்தல. பியானோ இல்லாம அதே சுருதில, அதே வேகத்துல பாடிக்கிட்டே போனா. நானும் சேர்ந்துக்கிட்டேன். ட்ராக்கை மறுபடி விடாம, மிச்சத்தை அப்படியே பாடி முடிச்சோம். தேர்வாளர் எழுதுறதை நிறுத்திட்டு எங்களைப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கு. பாஸாயிட்டோம். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன்.

பழைய எம்பி3 ப்ளேயர் இல்லன்னா சிம் இல்லாத ஃபோன், வயர் ஸ்பீக்கர். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

கண்ணைப் பத்தி: ரெண்டு பேரும் முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டா தேர்வாளருக்கு ரெண்டு காதுதான் தெரியும். முழுக்க முன்னாடி பார்த்தா நியூஸ் வாசிக்கிற மாதிரி ஆயிரும். உடம்பைக் கொஞ்சம் திறந்து வச்சிக்கணும், முன்பக்கத்துக்கும் பார்ட்னருக்கும் நடுவுல. தேர்வாளர் கண்ணை நேரா பார்த்துப் பாடாதீங்க, அவங்க பாவம், எழுதணும். தலைக்கு மேல சுவத்துல ஒரு இடத்தைப் பிடிச்சுக்கோங்க. அந்த இடத்துல என்ன இருக்குன்னு மட்டும் முன்னாடியே பேசி வச்சிக்கணும். நாங்க பேசி வைக்காம என் பார்ட்னருக்குக் கடல் இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். ஒத்திகைல ரெண்டு வாரம் யாருக்கும் தெரியல.

---

மேலமாசிவீதி எழுதியது:

லாம்டா, கிரேடு எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இந்த இழையைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல, அதான்.

நீங்க சொல்ற இந்தப் பாட்டு நம்மூர்ல தர்க்கம். வள்ளி திருமணம் நாடகம் பாத்திருக்கீங்களா? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது. தினைப்புனத்துல காவல் இருக்கிற வள்ளிகிட்ட முருகன் வேடனா வந்து நிப்பாரு. அவரு ஒண்ணு கேப்பாரு, அந்தம்மா ஒண்ணு திருப்பும். பாட்டுல கேள்வி, பாட்டுல பதில், நடுவுல வசனம், மறுபடி பாட்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்ச நாடகம் விடியிற வரை போகும், அதுல தர்க்கம் மட்டும் தனிக் கச்சேரி. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழால இன்னிக்கும் நடக்குது. ஸ்பெஷல் நாடகம்னு சொல்வோம்.

அதுல விசேஷம் என்னன்னா, முருகன் ஒரு ஊர்ல இருந்து பஸ் ஏறி வருவாரு, வள்ளி வேற ஊர்ல இருந்து. ஒத்திகை கிடையாது. அன்னிக்கு ராத்திரி மேடைலதான் எதிரெதிரே நிப்பாங்க. கதை தெரியும், பாட்டு தெரியும், ஆனா எதிராளி இன்னிக்கு எந்தப் பக்கம் வெட்டுவான்னு தெரியாது. அப்ப கேக்காம எப்படி இருக்க முடியும்? கேக்கலன்னா மானம் போயிரும். எங்க சின்ன தாத்தா மேடை ஓரத்துல ஆர்மோனியம் வாசிச்சவரு. அவரு கை கட்டைல இருக்கும், கண்ணு ரெண்டு பேரு வாய்லயும் மாறி மாறி இருக்கும். கருப்புக்கட்டை தம்பி சொன்ன அந்தச் சுத்திக்கிட்டே இருக்கிறது இருக்கே, அதை அவரு ராத்திரி பூரா பண்ணுவாரு.

அந்தக் காலத்துல எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியா நின்னு பாடினா அது இதான். மைக் இல்லாத மேடை, கடைசி வரிசைக்குக் கேக்கணும், அதான் அவ்வளவு எட்டுக்கட்டை. 1933-ல கிட்டப்பா போயிட்டாரு, சின்ன வயசுலயே. இசைத்தட்டு கேட்டுப் பாருங்க.

அந்தப் புள்ளைங்களை ஒரு நாளு ஒத்திகையே இல்லாம நிக்க வச்சுப் பாருங்கம்மா.

---

நெய்தல் எழுதியது:

மேலமாசிவீதி ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் கொஞ்சம் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பெஷல் நாடக நடிகருக்கு ஒத்திகை இல்லை என்பது பாதிதான் உண்மை. அந்தப் பாட்டுகள் அவர்களுக்கு நூறு இரவுகள் உடம்பில் ஏறியவை. 15 வயதுப் பிள்ளைகளை வெறுங்கையோடு நிறுத்தினால் பயந்துவிடும். அதோடு தேர்வில் அச்சிட்ட வரிகளை மாற்ற முடியாது, பதில் வெட்டு வெட்ட முடியாது. எழுதியதைத்தான் பாட வேண்டும், ஆனால் இப்போதுதான் தோன்றியதுபோல. அது வேறு கலை.

தர்க்கம் என்ற சொல்லை மட்டும் நான் நாளைக்கே வகுப்பில் திருடிக்கொள்கிறேன். டூயட் என்றதும் பிள்ளைகள் சேர்ந்து பாடுவது என்று நினைக்கிறார்கள்.

---

கருப்புக்கட்டை எழுதியது:

மைக் இல்லாத மேடைன்னு ஐயா சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. 1946-ல இந்த அன்னி வேஷத்தை பிராட்வேல முதல்ல போட்டது எத்தல் மெர்மன். அந்தம்மாவும் மைக் இல்லாம கடைசி வரிசைய எழுப்பி விடற ஆளு. பாட்டு எழுதின இர்விங் பெர்லின் அந்தக் குரலுக்குத்தான் அளவெடுத்துத் தைச்சாரு. அத 15 வயசுப் பொண்ணு அப்படியே போட்டுக்க முயற்சி பண்ணினா தொண்டை கிழியும்.

அக்கா, முக்கியமான கேள்வி: ஃப்ராங்க் ஆம்பளைக் குரலுக்கு எழுதினது. சிநேகிதி அதை ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேல பாடறாளா? அப்ப 'உன்னைவிட உயரமா பாடுவேன்' சுற்றுல ரெண்டு பேரும் ஒரே மாடிலதான் நிப்பாங்க, ஏறுறதே தெரியாது. கொஞ்சம் கீழ எறக்கி வேற சுருதில அச்சடிச்சு வாங்குங்க. ஆன்லைன்ல நோட்ஸ் விக்கிற கடைங்கள்ல சுருதி மாத்திக் கேட்டா குடுப்பாங்க. உங்க பொண்ணுக்கு வலிக்காம வர்ற உச்சி எது, அதுக்கு ஒரு கட்டை கீழ இருக்கற மாதிரி வச்சுக்கோங்க. தேர்வு நாள்ல அந்த ஒரு கட்டை காணாமப் போயிரும்.

நீட்டிப் பிடிக்கிற சுற்றுல இன்னொண்ணு. நிஜமாவே யாரு அதிகம் பிடிக்கிறாங்கன்னு போட்டி போட விடாதீங்க. அது அன்னிக்கும் ஃப்ராங்குக்கும் போட்டி. உங்க பொண்ணுக்கு வேலை மூச்சைப் பிடிக்கிறதில்ல, சுலபமா பிடிக்கிற மாதிரி அலட்சியமா நிக்கிறது. மூஞ்சி செவந்தா ஜோக் போச்சு.

---

வடலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, உண்மையா. நிறைய நடந்திட்டுது.

வரிசையை மாத்திற விளையாட்டை ஞாயிறு செய்தவை. மகள் முதல் தரமே மாட்டிட்டா. சிநேகிதி வேகச் சுற்றைப் பாட, இவ மெதுவாப் பாடுற சுற்றுக்கு மறுமொழி சொன்னா. ரெண்டு பேரும் கதிரையிலை விழுந்து சிரிச்சவை. பிறகு தன்ரபாட்டிலை ஆறேழு தரம் செய்து பாத்தவை. தொப்பி வேலை செய்யுது. சுருதி ரெண்டு கட்டை இறக்கியாச்சு, சிநேகிதிக்கு நல்ல சந்தோசம்.

இப்ப புதுப் பிரச்சினை. மகள் நாடகத்தை முழுக்க வாசிச்சிட்டு வந்து கோவமா இருக்கிறா. முடிவிலை அன்னி வேணுமெண்டே தோக்கிறாவாம், ஃப்ராங்கின்ர மனம் நோகக்கூடாதெண்டு. "இவ்வளவு நேரமும் நான் உன்னைவிடத் திறம் எண்டு பாடிப்போட்டு தோக்கிறதோ? நான் பாடமாட்டன்" எண்டு நிக்கிறா. சிநேகிதி வேற ஒரு புத்தகத்திலை ரெண்டு பேரும் சமன் எண்டு வாசிச்சவவாம். ரெண்டும் சரியோ?

---

நெய்தல் எழுதியது:

இரண்டும் சரி. 1946-இன் மூலப் பிரதியில், நாடகத்தில் வரும் செவ்விந்தியத் தலைவர், நண்பர் சிட்டிங் புல் சொன்ன யோசனைப்படி, அவள் வேண்டுமென்றே தோற்கிறாள். 1999-இல் மீண்டும் மேடையேற்றியபோது கதைவசனத்தைத் திருத்தினார்கள், அதில் போட்டி சமநிலையில் முடிகிறது. வசனம் எந்தப் பிரதியிலிருந்து என்பதை இரண்டு பிள்ளைகளும் முதலில் ஒன்றாக்குங்கள். ஆளுக்கொரு பிரதியில் படித்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் இடிக்கும்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். நிஜ அன்னி ஓக்லி 1860-இல் ஒஹாயோவில் பிறந்தவர். நிஜ ஃப்ராங்க் பட்லர் அவரிடம் சுடும் போட்டியில் தோற்றார், பிறகு மணந்துகொண்டார், பிறகு தான் சுடுவதை விட்டுவிட்டு மனைவிக்கு மேலாளராக நின்றார். 1887-இல் பஃபலோ பில் என்பவரின் சாகசக் காட்சிக் குழுவோடு லண்டனுக்கே வந்து சுட்டுக் காட்டியவர் அன்னி. உங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடும் தூரத்தில்தான். இருவரும் 1926-இல் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். நாடகம் எழுதியவர்கள்தான் யார் விட்டுக்கொடுத்தது என்பதைத் திருப்பிப் போட்டார்கள்.

பாடி முடித்ததும் தேர்வாளர் பேச்சுக்கு உட்காருவார். பாத்திரம் யார், என்ன வேண்டும் அவளுக்கு, காட்சிக்கு முன் என்ன நடந்தது, மூச்சை எங்கே எடுத்தாய், ஏன் என்றெல்லாம் வரும். மனப்பாடம் செய்த பதிலை அவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். உங்கள் மகளிடம் ஒரு கோபம் இருக்கிறது. அதைவிட நல்ல பதில் யாரிடமும் இருக்காது. அந்தப் பாட்டைப் பாடும்போது அன்னிக்குத் தான் தோற்கப்போவது தெரியாது, அதனால் கோபம் பாட்டுக்குள் போகலாம், முடிவு போகக் கூடாது.

---

கணக்கப்பிள்ளை எழுதியது:

பையன் சேர்ந்துவிட்டான். பாயிண்டுக்காக இல்லை. ஆனால் அவன் எடுப்பது ட்ரினிட்டி என்ற வேறு அமைப்பின் தேர்வு. அங்கே பாட்டு, நடிப்பு, அசைவு மூன்றும் பார்ப்பார்களாம். அசைவு என்றால் நடனமா? என் பையன் கல்யாண வீட்டில்கூட ஆட மாட்டான்.

---

அரைமணித்தூக்கம் எழுதியது:

பாட்டுக்குத் தேவையான அளவு அசைவு. காட்சி கேக்கலன்னா தாவிக் குதிக்க வேணாம். நடக்கிறது, திரும்புறது, நாற்காலில உக்காருறது, இதையே இசையோட அளவுக்குச் செய்யத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. பையனுக்கு என்ன வயசு? குரல் உடையிற நேரம்னா பாட்டைத் தேர்வு செய்யும்போதே அவன் டீச்சர்கிட்ட சொல்லிருங்க. கிட்டத்தட்ட ஒரு ஆக்டேவ் கீழ எறங்கும், எறங்குற நாள் கேலண்டர்ல போட்டு வராது. எனக்கு ஒத்திகைக்கும் தேர்வுக்கும் நடுவுல எறங்குச்சு.

---

வடலி எழுதியது:

முடிஞ்சுது. நேற்றுத்தான்.

பெற்றோரை உள்ளை விடேல்லை, நான் ஒரு பள்ளிக்கூட நடைபாதையிலை, சின்னப்பிள்ளையளின்ர கதிரையிலை, முழங்கால் நாடியிலை முட்ட இருந்தனான். சிம் இல்லாத பழைய ஃபோன், வயர் ஸ்பீக்கர். கதவாலை இசைதான் வந்தது, சொல்லு விளங்கேல்லை. நடுவிலை ஓரிடத்திலை ரெண்டு பேரின்ரயும் சத்தம் ஒரு கணம் நிண்டது. என்ர நெஞ்சும் நிண்டது. பிறகு தொடங்கிச்சுது.

காரிலை கேட்டால் ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்லுகினம். மகள் சொல்லுறா: சிநேகிதி ஒரு சுற்றைத் தாண்டிப் பாடிப்போட்டாவாம். மெதுவாப் பாடவேண்டிய இடத்திலை நீட்டிப் பிடிக்கிற வரியைப் பாடினவ. தான் ஃப்ராங்கின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டபடியாலை சொல் காதிலை விழுந்ததாம், உடனை அதுக்கே மறுமொழி பாடினதாம். ட்ராக் தன்ரபாட்டிலை போகுது, ஆனால் மெட்டு ஒண்டுபோல எண்டபடியாலை தப்பிச்சிது, பிறகு விட்ட சுற்றை மற்ற இடத்திலை போட்டு ஈடுகட்டினவையாம். சிநேகிதி சொல்லுறா: நான் ஒண்டும் தாண்டேல்லை, அவதான் தாண்டினவ, நான்தான் காப்பாத்தினனான். பின் சீற்றிலை வீடு வரைக்கும் இதே சண்டை. நீ, இல்லை நீ, நீ, இல்லை நீ. நான் ரேடியோவைப் போடேல்லை.

பேச்சிலை தேர்வாளர் முடிவைப் பற்றிக் கேட்டவராம். மகள் ஓக்லியின்ர உண்மைக் கதையைச் சொன்னவவாம், லண்டன் வந்தது வரைக்கும். அவர் பேனையை வைச்சிட்டுக் கேட்டவராம். இது சிநேகிதியும் ஒத்துக்கொண்ட விசயம்.

---

மேலமாசிவீதி எழுதியது:

அம்மா, அந்த ஒரு கணம் சத்தம் நின்னுச்சுன்னு எழுதினீங்களே, எங்க சின்ன தாத்தா இருந்திருந்தா அங்கதான் துண்டை எடுத்து மொகத்தைத் துடைச்சிருப்பாரு. யாரு தாண்டினதுன்னு விசாரிக்காதீங்க. விடுங்க.

---

வடலி எழுதியது:

முடிவு வந்திட்டுது. மெரிட். மகளுக்கு 78. 80 எண்டால் டிஸ்டிங்ஷன், அந்த ரெண்டு மார்க்குக்காக இரவு சாப்பிடேல்லை, பிறகு பத்து மணிக்குப் புட்டும் சம்பலும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவ. அறிக்கையிலை தாளக் கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிராளியைக் கவனிச்சுப் பாடினதை மெச்சியிருக்கு. குறை எங்கையெண்டால், பேச்சிலை இருந்து பாட்டுக்குள்ளை போற இடம். வசனம் வேகமா முடிஞ்சு போச்சுதாம், ரெண்டு பேரும் இசைக்குக் காத்துக்கொண்டு நிண்டவையாம்.

கருப்புக்கட்டைத் தம்பி, நீங்கள் சொன்ன அதே அஞ்சு விநாடி. துப்பாக்கி துடைக்கச் சொல்லிக் குடுத்தனாங்கள், பதட்டத்திலை துப்பாக்கியை மேசையிலை விட்டிட்டு வந்திட்டா.

அடுத்த வருசம் கிரேடு 7. ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுப்பம் எண்டு நிக்கினம், இன்னும் அந்தச் சண்டை முடியேல்லை. பியானோவுக்கு நீங்கள் எவ்வளவு எடுப்பியள்?

---

கருப்புக்கட்டை எழுதியது:

ரயில் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும். அந்தப் புட்டும் சம்பலும்னா டிக்கெட்டை நானே எடுத்துக்கறேன். நோட்ஸை ஒரு மாசம் முன்னாடி அனுப்பிருங்க அக்கா, எந்தப் பிரதின்னு மேல எழுதி.